வலப்பக்கம் கொஞ்சம் மேலே

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

உன் வானிலை நிலையம் இருக்கிற தீவில் போன் எடுக்காது, இருக்கிற ஒரே வயர்லெஸ்ஸும் மழை, காற்று எண்களைக் கரைக்குச் சொல்ல மட்டும்தான் என்று நீ சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தக் காலத்தில் எவன் உட்கார்ந்து, பதினைந்து நாளுக்கொரு முறை போகிற படகுக்காகக் கடிதம் எழுதுவான்? இப்போது சந்தோஷமாக இருக்கிறது. போன் இருந்திருந்தால் இந்த விஷயத்தை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன். நீ சிரிப்பது காதில் விழுமே.

புது அறை மூன்றாவது மாடியில். வேலை அதேதான், வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு. காலையிலிருந்து காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, யார் எப்படித் திட்டினாலும் "உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம்" என்கிறேன். போன வாரம் பஸ்ஸில் ஒருவர் என் காலை நன்றாக மிதித்தார். அவரிடமும் நான்தான் "ரொம்ப வருந்துறோம்" என்றேன். பன்மையில் வேறு.

விஷயம் இதுதான். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சலூன். முதலாளியம்மா வேறொருவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்ததால், புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு பெண் எனக்கு வெட்டினாள். தொழில் பழகுகிறவள். என் வயதுதான் இருக்கும். அவள் சீப்பை எடுத்துக்கொண்டு காதருகே வந்தாலே எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. முடித்துவிட்டு, "எப்படி சார் இருக்கு?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அறைக்கு வந்து கண்ணாடி பார்க்கிறேன், வலப்பக்கக் கிருதா இடதைவிட ஒரு விரல் மேலே நிற்கிறது. கடைக் கண்ணாடியில் சரியாகத்தான் தெரிந்தது. அந்தக் கண்ணாடியே கோணலோ என்னவோ.

காகிதம் வெட்டுகிற கத்தரியால் இடப்பக்கத்தையும் ஏற்றிவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் ஒன்று. காதுக்கு மேலே மட்டும் குளிர்கிறது.

உன் தம்பி


பிப்ரவரி 20

டேய் மடையா,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் பெரியவரும்தான், மூன்றாவது ஆள் கிடையாது.

உன் கடிதத்தைப் பெரியவருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, இங்கே வேறு பொழுதுபோக்கு இல்லை. "வெட்டினவங்க முகத்துக்கு நேரா சொல்லாம, வீட்டுக்குப் போய்க் கத்தரி எடுக்கிறானா? இவனுக்கு எவன் வேலை குடுத்தான்?" என்று கேட்டார். புகார் கேட்கிற வேலை என்றதும் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார்.

மனிதர் என் மேலதிகாரிதான், ஆனால் குறட்டை விட்டால் காற்றுமானி சுற்றும். ஒருநாள் அவர் சமையல், ஒருநாள் என் சமையல் என்று ஏற்பாடு. அவர் முறையில் உப்பு அள்ளிக் கொட்டுவார், என் முறையில் உப்பே இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பகலில் நான் எண்கள் குறிக்கிறேன், இரவில் அவர். சண்டை போட ஒரு ஆள் இருப்பதால் பொழுது போகிறது.

அடுத்த தடவை அவளிடம் வாயைத் திறந்து சொல். இல்லையென்றால் வேறு கடைக்குப் போ. அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் கொஞ்சம் சரியில்லை. உங்கள் இருவருக்கும் சௌகரியம் என்று நினைக்கிறேன்.

நீ சொன்னபடி வேறு கடைக்குப் போனேன். அடுத்த தெரு. அவர் நன்றாகத்தான் வெட்டினார். ஆனால் அறைக்குப் போக வேண்டுமென்றால் கீழ்க்கடை வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்? வழியில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கிக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டேன். சரியாக அவள் வெளியே நின்று துண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். "என்ன சார், தலைக்கு?" என்றாள். "சளி" என்றேன். சளி என்று சொல்லியாயிற்றே, அடுத்த நாள் தொப்பி இல்லாமல் எப்படிக் கீழே இறங்குவது? முடி வளரும்வரை தொப்பிதான். வெயிலில் தலை வெந்தது. ஒருநாள் அவள் ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "இவ்ளோ நாளா விடலயே சார், பாத்துக்கங்க" என்று அவள் சொன்னபோது எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுபடி அவளிடமே போய் உட்கார்ந்தேன். மறுபடி வலப்பக்கம் மேலே. மறுபடி "ரொம்ப நல்லா இருக்கு." மறுபடி காகிதக் கத்தரி. ஆபீசில் என் தலையைப் பார்த்து ஏதாவது வேண்டுதலா என்று கேட்கிறார்கள்.

நல்ல பெண், அக்கா. வெட்டும்போது அதிகம் பேச மாட்டாள். விழுந்த முடியைக் கழுத்திலிருந்து தட்டிவிடும்போது யாரோ தூங்குகிறவரை எழுப்பாமல் போர்வை சரிசெய்வது மாதிரி மெதுவாகத் தட்டுவாள். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பெரியவருக்குப் படித்துக் காட்டாதே.

தம்பி


ஏப்ரல் 3

என் அருமைத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

இந்த மாதம் காற்று அதிகம். சமையல் தினமும் என்னுடையதுதான், உப்பு அளவாக இருக்கிறது. உன் கடிதத்தை மூன்று முறை சத்தம் போட்டுப் படித்தேன். தொப்பி வரும் இடத்தில் மூன்று முறையும் சிரித்தேன்.

நீ ஏன் பாதிப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறாய்? அந்தக் கடையில் எத்தனை நாற்காலி, சுவர் என்ன நிறம், ரேடியோ ஓடுமா, முதலாளியம்மா எப்படிப் பேசுவார், தெருவில் அந்த நேரம் யார் யார் போவார்கள், எல்லாம் எழுது. பஸ் சத்தம் கேட்குமா என்றுகூட எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

போர்வை உவமை பிரமாதம். உனக்கு முற்றிவிட்டது.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், ஆனால் மாட்டிக்கொண்டேன். முதலில் நீ கேட்டவை: நாற்காலி மூன்று, ஒன்றின் கைப்பிடியில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். சுவர் இளம்பச்சை. ரேடியோ உண்டு, முதலாளியம்மா அதன் கூடவே பாடுவார். பஸ் போனால் சீப்பெல்லாம் அலமாரியில் ஆடும். போதுமா?

இப்போது என் கதை. தொழில் சங்கம் நடத்தும் தேர்வு ஜூன் மாதம் வருகிறது. அதில் தேறினால் முதலாளியம்மா அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வார். தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பிப்போய் மாமா கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான், வீட்டில் அப்படித்தான் பேசி அனுப்பினார்களாம். தேர்வுக்கு அவளே ஒரு தலையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தேர்வாளர் முன்னால் அந்தத் தலைக்கு முடி வெட்டிக் காட்ட வேண்டும்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க தலைதான் எனக்கு ராசி. நீங்க வருவீங்களா?" என்றாள்.

என் தலை ராசியாம். ஒவ்வொரு முறையும் நான் அறையில் ரகசியமாகச் சமப்படுத்திவிட்டுப் போய் நிற்கிறேன், தன் கைவேலைதான் அப்படி அழகாக வளர்ந்து நிற்கிறது என்று பாவம் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொன்னேன் என்று நீயே ஊகித்திருப்பாய். "கண்டிப்பா வரேங்க" என்றேன்.

அவள் சந்தோஷத்தில் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அக்கா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி என்ன செய்வது என்று நீ சொல்.

தம்பி


மே 1

தம்பிக்கு,

நலம்.

உனக்குப் பிடித்திருக்கிறது சரி. பிடித்த பெண்ணைக் குழியில் தள்ளிவிட்டு மேலே நின்று "ரொம்ப நல்லா இருக்கு" என்று கைதட்டுவாயா? அவளுடைய பிழைப்பு, அவள் ஊரைவிட்டு வந்து நிற்பது, எல்லாம் உன் வலப்பக்கக் கிருதாவில் தொங்குகிறது. முகம் சுளிப்பாளே என்று பயந்துகொண்டு நீ நல்ல பிள்ளை வேஷம் போடுகிறாய். இது மரியாதை இல்லை, கோழைத்தனம். ஒருத்தர் நன்றாக இருக்கிறது என்றால் எதிரே இருப்பவர் நம்பிவிடுவார், அதற்கு மேல் கேட்க மாட்டார். அதுதான் அதில் இருக்கிற ஆபத்து.

நாளைக்கே போய்ச் சொல். கோபித்தால் கோபிக்கட்டும். பயிற்சி எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

கடுமையாக எழுதிவிட்டேன். சரியாகத் தூங்கவில்லை, அதனால் இருக்கும். நீண்ட கடிதமாக எழுது.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உயிரோடும் இருக்கிறேன். சொல்லிவிட்டேன்.

ஒரே மூச்சில் இல்லை. முதல் தடவை கேக் வாங்கிக்கொண்டு போனேன். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள், எனக்கு என்று சொல்லிவிட்டேன். முதலாளியம்மா வாழ்த்துப் பாடினார், மற்ற வாடிக்கையாளர்களும் சோப்பு நுரையோடு பாடினார்கள். இரண்டாம் தடவை வாய்வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டு ஷாம்பு வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் தடவை நேற்று சாயங்காலம். கடையில் வேறு யாரும் இல்லை. தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "நீங்க வெட்டும்போது வலப்பக்கம் எப்பவும் கொஞ்சம் மேல போயிடுது. ஒவ்வொரு தடவையும் நான்தான் வீட்ல சரி பண்ணிக்கிறேன். உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம்."

துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால், கோபம் இல்லை, அழுகை இல்லை, என் கழுத்தையே பார்க்கிறாள்.

"சார், உங்க கழுத்து பொறவியிலயே அப்படி இல்லையா?"

"எப்படி?"

"வலது தோள் பக்கம் சாஞ்ச மாதிரி."

அக்கா, கேள். வெட்கம் வந்தால் என் தலை வலது பக்கம் சாய்ந்துவிடுமாம். அவள் பக்கத்தில் வரும்போதெல்லாம், பேசும்போதெல்லாம், தெருவில் தொப்பியோடு நின்றபோதும் நான் சாய்ந்தேதான் நின்றிருக்கிறேன். அவள் என்னை நேராகப் பார்த்ததே இல்லை. கழுத்தில் ஏதோ குறை, அதைச் சொல்லிக் காட்டினால் மனசு புண்படும் என்று, அந்தச் சாய்வுக்குச் சமமாகத் தெரியும்படி வேண்டுமென்றேதான் வலப்பக்கத்தை ஏற்றி வெட்டியிருக்கிறாள். மற்றவர்கள் தலையெல்லாம் கோடு போட்ட மாதிரி நேராகத்தான் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

"எப்பவாவது 'நேரா உக்காருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"கழுத்து சரியில்லாதவர்கிட்ட எப்படி சார் அதைச் சொல்றது?" என்றாள்.

இன்னும் கேள். தேர்வுக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் கழுத்துதானாம். அவ்வளவு கஷ்டமான கழுத்துக்கு நேர்த்தியாக வெட்டிக் காட்டினால் தேர்வாளர் மெச்சுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். விண்ணப்பத்தில் "மாடலுக்குக் கழுத்துச் சாய்வு உண்டு" என்று எழுதியும் கொடுத்துவிட்டாள். இப்போது திருத்த முடியாதாம், வேறு தலையையும் சேர்க்க முடியாதாம்.

இருவரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் தலையில் நான், அவள் தலையில் அவள். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிக்கும்போதும் நான் சாய்ந்தேனாம்.

தம்பி


மே 29

தம்பிக்கு,

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் வீட்டு போட்டோ எல்லாவற்றிலும் நீ சாய்ந்துதான் நிற்பாய். போட்டோக்காரர் கோணலாக எடுத்துவிட்டார் என்று அப்பா ஒருமுறை சண்டை போட்டது நினைவிருக்கிறதா?

விண்ணப்பம் கிடக்கட்டும், தேர்வுக்கு நேராக உட்காரப் பழகு. நடந்ததை அப்படியே எழுது, ஒன்றும் விடாதே. நான் நன்றாக இருக்கிறேன். சிரித்தபோதுதான் தெரிந்தது, என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. படகுக்காரர் அவசரப்படுத்துகிறார்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் தேர்வை எழுதிவிடுகிறேன். உன் உடம்பைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்போவதில்லை.

பெரிய கூடம். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தலை. தேர்வாளர் தடிமனான கண்ணாடிக்காரர், விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கூடத்தில் அத்தனை பேர் இருந்ததாலோ என்னவோ நான் கம்பம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"எங்கம்மா சாய்வு? கழுத்து நேராத்தானே இருக்கு. பொய் எழுதிக் கொடுத்தீங்களா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுத்தைச் சாய்த்துக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஒரு நொடி வேலைதான். அதற்குள் அவள் சொன்னாள்: "இல்லை சார். குறைன்னு நானா நெனச்சுட்டேன். கேக்காம எழுதிட்டேன். அது வெட்கம் சார்."

"வெட்கமா?"

"கிட்ட போனா சாயும்."

பக்கத்து நாற்காலித் தலைகள் எல்லாம் திரும்பின. தேர்வாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, ஆரம்பிங்க" என்றார்.

அவள் சீப்பை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். நான் சாய்ந்தேன். எவ்வளவு பழகியிருந்தோம், எல்லாம் போயே போச்சு. அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். ஒரு விரலை என் தாடைக்குக் கீழே கொடுத்துத் தலையைத் தூக்கி நிறுத்தினாள். "நேரா உக்காருங்க" என்றாள். கெஞ்சவில்லை. தேர்வாளர் அருகில் நிற்கிறார் என்ற பயமும் அந்தக் குரலில் இல்லை. நான் நேராக உட்கார்ந்தேன், கடைசி முடி விழும்வரை. எதிர்க் கண்ணாடியில் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தேன்.

தேர்வாளர் சீப்பை இரண்டு காதோரமும் வைத்துப் பார்த்தார். நேரம் அதிகம் எடுத்தாள் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ஆனால் தேறிவிட்டாள், அக்கா. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன் என்பதை அம்மாவிடம் சொல்லாதே. "முடி வளந்தாத்தான் வரணும்னு இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து பஸ் பிடிக்கப் போனாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. மறுநாள் சொல்லிவிட்டேன்.

இப்போது உன் விஷயம். நேற்று அவளுக்கு உன் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். பிப்ரவரிக் கடிதத்தில் பெரியவர் வரிக்கு வரி இருக்கிறார், குறட்டை விடுகிறார், உப்புக்குச் சண்டை போடுகிறார். ஏப்ரலிலிருந்து அவர் இல்லவே இல்லை. தினமும் நீதான் சமைக்கிறாய். நீ தூங்கவில்லை. சுவர் நிறம் கேட்கிறாய், பஸ் சத்தம் கேட்கிறாய். ஒவ்வொரு கடிதத்திலும் நலம் என்று எழுதியிருக்கிறாய், நானும் நம்பிக்கொண்டு என் கிருதாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். "உங்க அக்கா யாருக்கு சத்தம் போட்டுப் படிக்கிறாங்க?" என்று அவள் கேட்டாள்.

அக்கா, பெரியவர் எங்கே? அங்கே உன்னோடு யார் இருக்கிறார்கள்?

தம்பி


ஜூன் 27

அக்கா,

படகு வந்தது. அம்மாவுக்குக்கூட உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. துறைக்குப் போய்ப் படகுக்காரரிடம் விசாரித்தேன், தபால் பை காலியாகத்தான் வந்தது, நீ கரையில் நின்று கையசைத்தாய் என்றார். பக்கத்தில் யாரும் நின்றார்களா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு இல்லை என்றார்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. நலம் என்று மட்டும் எழுதாதே.

தம்பி


ஜூலை 10

தம்பிக்கு,

நலமில்லை.

பெரியவருக்கு மார்ச்சில் நெஞ்சுவலி வந்தது. அந்த வாரம் வந்த படகிலேயே ஏற்றி அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார், மகள் வீட்டில் இருக்கிறார். அன்றிலிருந்து நான் தனிதான். பகல் எண்களும் இரவு எண்களும் நானே. மூன்று மணிக்கொரு முறை எழுந்து காற்றுமானியைப் பார்க்க வேண்டும். பாதித் தூக்கத்தில் பெரியவரைக் கூப்பிட்டிருக்கிறேன். சாயங்காலம் வந்தால் பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்று சொல்லத் தெரியவில்லை. உன் கடிதங்களை அவருடைய காலிக் கட்டிலுக்குப் படித்துக் காட்டினேன்.

வேறு ஆள் வரும்வரை சமாளிக்க முடியுமா என்று ஆபீசில் வயர்லெஸ்ஸில் கேட்டார்கள். முடியும் என்றேன். ஒரு பெண்ணை அனுப்பினோம், அவள் பயந்துவிட்டாள் என்று சொல்லிவிடுவார்களே என்று நினைத்தேன். உனக்கு வண்டி வண்டியாகப் புத்தி சொன்னவள்தான் நான். உன் ஜூன் கடிதம் வந்ததும் எனக்கு உன் மேல் பயங்கரக் கோபம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து நலம் என்று எழுதினேன், கிழித்தேன், மறுபடி அதையே எழுதினேன். அதற்குள் படகு போய்விட்டது.

நேற்றுக் காலை எண்களைச் சொல்லி முடித்ததும், "வேற ஏதாவது உண்டா மேடம்?" என்று வழக்கம்போல் கேட்டார் ஆபரேட்டர். தினமும் கேட்பார், தினமும் இல்லை என்பேன். நேற்று, "என்னால தனியா இருக்க முடியல" என்றேன்.

அவர் சொன்னார்: "மேடம், நீங்க நல்லா இருக்கீங்கன்னுதான் இங்க எல்லாரும் நெனச்சுட்டு இருந்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மத்தியானமே பதில் வந்துவிட்டது. அடுத்த படகில் இரண்டு பேர் வருகிறார்கள். அதே படகில் நான் கரைக்கு வருகிறேன், ஒரு மாத விடுப்பு. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

நீ படகுத்துறைக்கு வந்து நில். அவளுக்கு நேரமிருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. நான் இறங்கியதும் எப்படி இருக்கேன்னு மட்டும் கேட்காதே. கேட்டால் அத்தனை பேர் நடுவில் அழுதுவிடுவேன். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நட. வீட்டுக்குப் போனதும் கேள், உட்கார்ந்து சொல்கிறேன்.

அக்கா